தேரிக்காட்டுக்கு ஒரு பயணத் திட்டம்

விடுமுறைப் பயணம் என்றாலே மலையும் அருவியுந்தான் நம் நினைவுக்கு வருகின்றன. பாலைவனம் காண விரும்புவோர் இராஜஸ்தானுக்கோ அரபு நாட்டுக்கோ செல்லவேண்டும் என்று எண்ணிவிடுகிறோம். நம் தமிழகத்திலேயே பரந்த செம்மணல் வெளி ஒன்று உண்டு. தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூருக்குத் தென்மேற்கே உள்ள குதிரைமொழித் தேரியே அது. மழையும் சுனையும் உள்ள இடமாதலால் அதனை முழுப் பாலைவனம் என்பதற்கில்லை. ஆயினும் மேடும் பள்ளமுமாய் விரிந்த அம்மணல், பார்ப்பவரைப் பாலையில் நிற்பதாகவே எண்ணச் செய்யும்.

புழலிலிருந்து ஏறத்தாழ 650 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அவ்விடத்திற்கு, இன்ஷா அல்லாஹ், வரும் தை மாதத்தில் குடும்பத்தோடு செல்ல எண்ணியுள்ளேன். சித்திரை, வைகாசியில் வெயில் தாங்காது. ஆனி முதல் ஆவணி வரை தென்மேற்குக் காற்று மணலை வாரி இறைக்கும். பருவமழை ஓய்ந்த தை, மாசியே ஏற்ற காலம். முதியவரான தாயாரும் உடன் வருவதால் முதல் இரவு திருச்சியில் தங்கி, மறுநாள் மதுரை, தூத்துக்குடி வழியாகச் செல்கிறோம்.

வழியில் எங்கெங்கே திரும்புவது என்பதில்தான் வீட்டில் விவாதம் எழுந்தது. ஆளுக்கோர் ஊரைச் சொன்னார்கள். எல்லா ஊர்களுக்கும் போனால் விடுமுறை வண்டிக்குள்ளேயே கழிந்துவிடும். ஆகவே ஒரு விதி வகுத்தேன்: தேரியைப் பற்றிய வினா ஒன்றுக்கேனும் விடை தரும் ஊருக்கே வண்டி திரும்பும்.

இம்மணல் எப்படி வந்தது? ஆரல்வாய்மொழிக் கணவாயின் வழியே பாயும் தென்மேற்குக் காற்று, சமவெளியின் வறண்ட செம்மண்ணை அள்ளி வந்து கடலோரத்தில் குவித்தது என நிலவியலார் விளக்குவர். மணலின் செந்நிறம் இரும்புத்துரு தந்தது. கணவாயை அடுத்த முப்பந்தலில் அணிவகுத்து நிற்கும் காற்றாலைகளைக் கண்டால் பிள்ளைகளுக்கு அக்காற்றின் வலிமை விளங்கும். ஆதலால் அது முதல் திருப்பம்.

இன்று இம்மணலை நம்பி வாழ்வோர் யார்? பனையேறிகள். உடன்குடியில் நின்று அவர்களது உழைப்பின் பயனாகிய கருப்பட்டியை வாங்குவோம். அது இரண்டாம் திருப்பம்.

முற்காலத்தில் இங்கு வாழ்ந்தவர் யார்? தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளை ஸாய்னர், ஆல்சின் என்னும் அறிஞர் இருவர் ஆராய்ந்து 1956-இல் கட்டுரை வெளியிட்டனர். எனவே மணலில் கிடக்கும் கல்லை எடுத்துப் பார்க்கலாம். பைக்குள் போட்டுக்கொள்ளலாகாது என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட ராக்கெட் ஏவுதளத்தின் பக்கம் போகவேண்டும் என்று இளைய மகன் அடம்பிடித்தான். விதிக்குள் அடங்காததால் அதனை விட்டுவிட்டோம். அவன் முகம் இன்னும் தெளியவில்லை.

இனி, இப்பயணத்தின் உண்மையான காரணத்தைச் சொல்லவேண்டும். கல்லூரியில் தமிழிலக்கணம் பயின்றபோது, பாலைக்குரிய உரிப்பொருள் பிரிவு என்று படித்தேன். பொருள் தேடிச் சுரம் கடந்தவர்களையும் அவர்களுக்காகக் காத்திருந்தவர்களையும் பாடும் திணை அது. என் மூத்த சகோதரர் பத்தொன்பது ஆண்டுகள் சவூதி அரேபியாவில் லாரி ஓட்டினார். அந்த ஊதியத்தில்தான் நான் படித்தேன்; தங்கையர் திருமணமும் நடந்தது. பாலைவனம் எப்படியிருக்கும் என்று பிள்ளைகள் கேட்டால், "மணல்தான்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். தாயாரோ, தம் மகன் உழைத்த மண்ணைக் காணவேண்டும் என்று பல்லாண்டு ஏங்கியவர். அந்நாட்டு மணலை அவருக்குக் காட்ட இயலாவிடினும், மணல் வெளியொன்றில் மகனோடு அமரச் செய்யலாமல்லவா?

நீங்களும் செல்வதாயின், உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்கொள்ளுங்கள். பனைகள் யாவும் ஒன்றுபோலிருப்பதால் வழி தவறுவது எளிது. குடிப்பதற்கும் ஒளுச் செய்வதற்கும் போதிய தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். காப்புக்காட்டில் வனத்துறையின் விதிகளை மதியுங்கள். அஸருக்குப் பின் ஒரு மாலைப் பொழுதை எத்திட்டமுமின்றி விட்டுவையுங்கள். உங்கள் வீட்டிலும் அயல்நாட்டு மணலில் ஆண்டுகளைக் கழித்துத் திரும்பியவர் இருப்பின், அவரருகே இளையோரை அமரச் செய்யுங்கள். அவர் பேசத் தொடங்கினால், இருட்டுகிறதே என்று அவசரப்படுத்தாதீர்கள்.