திருப்புளியும் தமிழாசிரியனும்

"தமிழ் படிப்பிக்கும் வாத்தியாருக்குத் திருப்புளியோடு என்ன வேலை?" என்று சக ஆசிரியர் ஒருவர் என்னைக் கேட்டார். கேலியாகத்தான் கேட்டார், ஆயினும் விடை கூறுவது என் கடமையென்று தோன்றுகிறது.

மட்டக்களப்பு வாவிக் கரையிலே, மீன்பிடித்தும் கூலிக்கு உழைத்தும் வாழும் மக்களின் பிள்ளைகள் பயிலும் பாடசாலை எங்களுடையது. அங்கே பன்னிரண்டு கணினிகள் உண்டு. அவற்றுள் இயங்கியவை மூன்றே; எஞ்சியவை துணி போர்த்திக் கிடந்தன. புதியன வாங்க வழியில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. இறக்குமதியாகும் கணினி உறுப்புகளின் விலையும் உடன் ஏறியது.

"சேர், இதுகள் இனி எழும்பாதா?" என்று உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். பரீட்சைக்குக் கணினி பழக அவளுக்கு வேறு இடமில்லை.

"திறந்து பார்ப்போம், மகள்" என்றேன்.

உப்புக் காற்றும் தூசியும் செய்த வேலை உள்ளே தெரிந்தது. நினைவக அட்டையின் மங்கிய பற்களை அழிறப்பரால் மெல்லத் தேய்த்துப் பொருத்தியதும் இரண்டு கணினிகள் விழித்தன. நேரத்தை மறந்து தடுமாறிய ஒன்றுக்கு, காசளவான மூன்று வோல்ற்று பற்றரியே மருந்தாயிற்று. கொள்ளளவிகள் வீங்கி வெடித்த தாய்ப்பலகைகள் இரண்டை மீட்க இயலவில்லை. அவற்றின் மின்வழங்கிகளால் வேறிரண்டு உயிர்பெற்றன. டீ.டீ.ஆர். 3 நினைவகம் டீ.டீ.ஆர். 2 பலகையிற் பொருந்தாது என்று கற்றோம். ஆனால் 'சாட்டா' இணைப்புள்ள பழைய பலகை, புதிய எஸ்.எஸ்.டி. வட்டை மறுக்காது ஏற்றது. ஊர்ந்த இயந்திரம் ஓடத் தொடங்கிற்று.

"அப்பாவும் இப்பிடித்தான் சேர். அறுந்த கண்ணை மட்டும் புது நூலால முடிவார்; வலையை எறியமாட்டார்" என்றாள் அவள்.

வலை வெயிலாலும் நீராலும் முதுமையடைகிறது. கணினியோ கட்டளையாலும் முதுமையடைகிறது! விண்டோஸ் 10 இற்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இல் முடிவுற்றது. விண்டோஸ் 11 இற்கோ டீ.பி.எம். 2.0 எனும் பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும். பாதுகாப்பு அவசியமே. ஆனால் இயங்கும் இயந்திரத்தைப் பழையதென்று தள்ளும்போது, அத்தீர்ப்பின் செலவைச் சுமப்பவர் யார்? வாவிக்கரைப் பிள்ளைகளா? நாங்கள் லினக்ஸை நிறுவினோம். 1991 இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைக்க, உலகெங்கும் பலர் கூடி வளர்த்தது அது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம்.

காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்றவர். வழக்கொழிந்த யாழினைப் பழந்தமிழ் நூல்களின் துணைகொண்டு ஆராய்ந்து, 1947 இல் 'யாழ் நூல்' தந்தவர். அவர் பிறந்த பிரதேசத்திலே தமிழாசிரியன் திருப்புளி ஏந்துவது புதுமையா?

இன்று எட்டுக் கணினிகள் இயங்குகின்றன. இரண்டு இன்னும் காத்திருக்கின்றன. சனிக்கிழமைகளில் அம்மாணவி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தி அவற்றைத் திறக்கிறாள். திருப்புளி இப்போது என் கையில் இல்லை.