முக்காலியின் தலை

பறவை நோக்குதல் என்றவுடன் தொலைநோக்கியின் ஆற்றலைப் பற்றியே பலரும் வினவுவர். எத்தனை மடங்கு பெரிதாக்கும், வில்லை எத்தனை மில்லிமீட்டர், எந்நாட்டில் செய்தது என்பனவே பேச்சாக இருக்கும். அதனைத் தாங்கும் முக்காலியைப் பற்றிக் கேட்போர் சிலர். முக்காலியின் உச்சியில் அமர்ந்து, தொலைநோக்கியைத் திருப்பவும் சாய்க்கவும் நிறுத்தவும் உதவும் ‘தலை’ என்னும் உறுப்பைப் பற்றிக் கேட்போரோ மிகச் சிலர். ஆயினும், முப்பது மாணவருக்கு ஒரு பறவையைக் காட்ட முற்படும் ஆசிரியரின் உழைப்பு பயன்படுவதும் பாழாவதும் அந்தத் தலையைப் பொறுத்ததே.

செராஸ் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் பள்ளி இயற்கைக் கழகத்திற்கு அத்தகைய தலையொன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியவரானார். தொலைநோக்கி, முன்னாள் மாணவர் ஒருவரின் நன்கொடை. 80 மில்லிமீட்டர் வில்லை, 20 முதல் 60 மடங்கு ஆற்றல், ஏறத்தாழ 2 கிலோ எடை. முக்காலியோ பள்ளி விழாக்களை ஒளிப்படம் எடுப்பதற்கென எப்போதோ வாங்கப்பட்டது. அதன்மேல் ஒளிப்படக்காரர் பெரிதும் விரும்பும் பந்துத்தலை இருந்தது.

கிள்ளானுக்கு வடக்கே, ஜெரம் கடற்கரையில் நீர் வடிந்தபின் சேற்றுவெளி நெடுந்தொலைவு விரிந்து கிடக்கும். செப்டம்பர் தொடங்கி ஏப்ரல் வரை வடபுலத்துக் கரைப்பறவைகள் அங்கே இரை தேடும். ஆசிரியர் ஒரு பவளக்காலியைத் தொலைநோக்கியில் அகப்படுத்திவிட்டு மாணவரை வரிசையாக அழைத்தார். “தெரிகிறதா?” என்றார். “தெரிகிறது, ஐயா” என்று ஒவ்வொருவராகச் சொல்லி நகர்ந்தனர். பதினோராவதாக வந்த நான்காம் ஆண்டு மாணவி மட்டும் சற்றுத் தயங்கி, “சேறுதான் தெரியுது, ஐயா” என்றாள். ஆசிரியர் குனிந்து பார்த்தார். சேறுதான் இருந்தது. பறவை எங்கும் பறந்துவிடவில்லை. தொலைநோக்கிதான் தன் பாரத்தால் மெல்லத் தலை கவிழ்ந்திருந்தது. முன்னே பார்த்த பத்துப் பேருள் எத்தனை பேர் பறவையைக் கண்டனர், எத்தனை பேர் சேற்றைக் கண்டு “தெரிகிறது” என்றனர் என்பதை அறிய வழியில்லை.

இதனைச் சிறு குறையென்று ஒதுக்க இயலாது. செய்யுட் பாடத்தில் குருகும் நாரையும் அன்றிலும் வரும்போது ‘ஒருவகைப் பறவை’ என்று பொருளெழுதி மேற்செல்லும் வழக்கம் நம் வகுப்பறைகளில் வேரூன்றிவிட்டது. அவ்வழக்கத்தை மாற்றவே மாணவரைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்கின்றோம். அங்கும் காணாததைக் கண்டேன் என்று சொல்லப் பழகினால், வகுப்பறையிலேயே இருந்திருக்கலாம். ‘பவளக்காலி’, ‘பச்சைக்காலி’ என்னும் பெயர்கள் காலின் நிறத்தைக் கண்டு இட்டவை. சேறு அப்பிய கால்களில் அந்நிறத்தைப் பிரித்தறிவதற்குக் காட்சி ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும்.

எவ்வளவு அசைவு கேடு விளைக்கும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 60 மடங்கில் தொலைநோக்கி காட்டும் வட்டத்தின் அகலம் ஏறத்தாழ 1 பாகை. 300 மீட்டர் தொலைவில் அது 5 மீட்டர் அகலமே ஆகும். நடுவிலுள்ள பறவை விளிம்புக்குச் செல்ல அரைப் பாகைச் சரிவு போதும். வானத்து முழுநிலவின் அகலமும் அந்த அரைப் பாகையே. தலையின் திருகை இறுக்கிவிட்டுக் கையை எடுக்கும்போது நேரும் தொய்வே இதனைவிட மிகுதியாக இருக்கக்கூடும்.

பந்துத்தலையின் இயல்பு யாதெனின், ஒரே திருகைத் தளர்த்தினால் எல்லாத் திசைகளும் ஒருசேர விடுபடும் என்பதாகும். ஒளிப்படத்திற்கு அது வசதி. தொலைநோக்கிக்கோ இடவலமும் மேல்கீழுமே தேவை. பக்கவாட்டில் சரியும் மூன்றாவது அசைவு தொல்லையே அன்றி வேறில்லை. மேலும் பாரம் பந்துக்கு மேலே நிற்பதால், திருகு சற்று நெகிழ்ந்தாலும் தொலைநோக்கி குப்புற விழும். மூன்று திசைக்கும் தனித்தனிப் பிடிகள் கொண்ட தலை விலை குறைந்தது, ஓரளவு உறுதியானது. ஆனால் அதன் உராய்வு வறண்டது. மெல்லத் தள்ளினால் அசைய மறுக்கும். சற்று மிகுத்தால் திடீரெனத் தாவும். பறவை வட்டத்துக்கு வெளியே போய்விடும்.

பாய்மத்தலை என்பது திரைப்பட ஒளிப்பதிவாளரின் தேவையால் வளர்ந்தது. அதனுள்ளே தகடுகளுக்கிடையில் அடர்த்தியான மசகு நிரம்பியிருக்கும். மெல்ல நகர்த்தினால் இசையும். வெடுக்கென இழுத்தால் எதிர்க்கும். இடவலம், மேல்கீழ் என்னும் இரண்டே அசைவுகளை நீண்ட ஒரே பிடி ஆள்கிறது. பிடியின் நீளம் 30 செண்டிமீட்டர் எனின், 1 பாகை திரும்பக் கை 5 மில்லிமீட்டர் நகர வேண்டும். குழந்தையின் கையும் அதனைச் செய்யும். தலைக்குள் எதிர்விசைச் சுருள்வில் இருப்பின் இன்னும் நன்று. ‘பாய்மம்’ என்று பெயர் மட்டும் பூண்டு, வெறும் உராய்வால் இயங்கும் மலிவுத் தலைகளும் சந்தையில் உண்டு.

கப்பலின் திசைகாட்டியைத் தொங்கவிடும் நெறியில் அமைந்தது கிம்பல் என்னும் தலை. பாரத்தை அதன் ஈர்ப்பு மையத்திலேயே தாங்குவதால் பெரிய ஒளிப்பட வில்லையும் விரல் தொட்டால் திரும்பும். தஞ்சோங் துவானில் 2000ஆம் ஆண்டு முதல் மலேசிய இயற்கைக் கழகம் நடத்திவரும் வல்லூறு நோக்கு விழாவில், மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் தேன்பருந்துகளைப் படமெடுப்போருக்கு அது தக்கது. வரிசையில் நிற்கும் மாணவருக்கு அது வேண்டுவதில்லை. அங்கே வேண்டுவது ஓரிடத்தில் நிற்பதே. உலு லங்காட் காட்டோரத்துச் சிறு பறவைகளுக்கோ முக்காலியே தேவையில்லை. கழுத்தில் தொங்கும் இருகண் நோக்கி போதும்.

புடு வட்டாரத்து ஒளிப்படக் கருவிக் கடைகளுக்கு ஆசிரியர் தொலைநோக்கியையும் முக்காலியையும் சுமந்தே சென்றார். பெட்டியின்மேல் ‘5 கிலோ தாங்கும்’ என்று அச்சிட்டிருப்பது முறியாது என்பதற்கே உறுதி. தொய்யாது என்பதற்கு அன்று. எனவே கடை வாயிலில் நின்று, எதிர்த்தெருப் பெயர்ப்பலகையின் ஓர் எழுத்தை வட்டத்தின் நடுவில் நிறுத்தி, இறுக்கி, கையை எடுத்துப் பார்த்தார். எழுத்து இறங்கிற்றா, பக்கம் துள்ளிற்றா என்று நோக்கினார். முப்பது பேரும் பார்த்து முடிக்க ஆளுக்கு 20 விநாடியெனப் பத்து நிமிடம் ஆகும். எனவே பத்து நிமிடம் காத்திருந்து மீண்டும் பார்த்தார். கடைக்காரர் முகம் கோணாமல் நாற்காலி கொடுத்தது பாராட்டத்தக்கது. முதல் தலை இறங்கியது. இரண்டாவது துள்ளியது. மூன்றாவதாகிய பாய்மத்தலை நின்றது. ஆயினும், பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒதுக்கிய தொகையைவிட விலை கூடுதல். மலிவானதை வாங்கி மிச்சத்தில் பறவைப் படநூல் ஒன்றும் வாங்கலாம் என்றனர் சிலர். நூலை நூலகத்தில் இரவல் பெறலாம், தொய்யாத தலையை எங்கும் இரவல் பெற இயலாது என்று ஆசிரியர் விடை கூறினார். சங்கமும் இசைந்தது.

மூன்றும் சேர்ந்து இப்போது 5 கிலோவை நெருங்குகிறது. ஆறாம் ஆண்டு மாணவர் இருவர் மாறிமாறிச் சுமக்கின்றனர். முக்காலியின் நடுத்தண்டை உயர்த்துவதில்லை. உயர்த்தினால் காற்றுக்கு ஆடும். நன்கொடையாக வந்த தொலைநோக்கியின் கண்வில்லை 45 பாகை சாய்ந்தது ஆதலால், குட்டையானவருக்கு ஏற்ப முக்காலியைத் தாழ்த்தினாலும் நெட்டையானவர் குனிந்து பார்க்க முடிகிறது. கழகக் குறிப்பேட்டில் ‘கண்டேன்’ என்னும் பத்திக்கு அருகே ‘காணவில்லை’ என்றொரு பத்தியும் வரையப்பட்டுள்ளது. அதில் எழுதினால் மதிப்பெண் குறையாது. கடற்கரையிலிருந்து திரும்பியதும் உப்புப் படிந்த தலையை ஈரத்துணியால் துடைத்து, இறுக்கங்களைத் தளர்த்தி வைக்கின்றனர். எண்ணெய் இடுவதில்லை. தொலைநோக்கியைத் தலையோடு இணைக்கும் சிறு தகடு எளிதில் தொலைவது; அதனைக் கழற்றுவதே இல்லை.