சுருட்டு சாமிக்கு, விஸ்கி யாருக்கு?

விஸ்கிக்கு எந்தச் சுருட்டு பொருந்தும் என்று நான் படித்ததில் எல்லாம் ஒரு தோல் நாற்காலி இருக்கிறது, அதில் ஒரு ஆண் உட்கார்ந்திருக்கிறார். என் நாற்காலி பிளாஸ்டிக். ஓசூர் சிப்காட்டில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாகத் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். நாள் முழுக்க மைக்ரோமீட்டரோடு பழகியதால் எதை வாயில் வைத்தாலும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற புத்தி வந்துவிட்டது.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஜூஜூவாடி, அத்திப்பள்ளி தாண்டி சந்தாபுராவில் தோழி வீட்டு மொட்டைமாடிக்குப் போவேன். விஸ்கி அவள் பொறுப்பு. அந்தப் பக்கம் சூப்பர் மார்க்கெட் மாதிரி கடைகள் உண்டு. கூடையோடு நடந்து, லேபிளைப் படித்து, பிடித்ததை எடுக்கலாம். இந்தப் பக்கம் டாஸ்மாக் கம்பிவலைக்குள் கையை விட்டு வாங்க வேண்டும். எலைட் கடையும் உண்டுதான். ஆனால் அங்கேயும் ஒரு பொம்பளை நுழைந்தால் விலைப்பட்டியலைப் பார்க்கிறவன் நம்மைப் பார்க்க ஆரம்பிப்பான்.

சுருட்டு என் பொறுப்பு. அதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. பூஜைச் சாமான் கடையில் கற்பூரத்துக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

"முனீஸ்வரனுக்காம்மா?"

"ஆமாண்ணா, ரெண்டு குடுங்க."

எங்கள் பக்கத்துப் படையலில் கறிச்சோற்றோடு ஒரு பாட்டில் சாராயமும் பற்றவைத்த சுருட்டும் முனிக்கு முன்னால் இருக்கும். காட்டேரிக்கும் வைப்பார்கள். பெண் தெய்வம்தானே என்று அவளுக்கு அளவைக் குறைப்பதில்லை. இரண்டும் சேர்ந்தால் என்ன ருசி என்று கண்டுபிடித்தது ஸ்காட்லாந்துக்காரனோ கியூபாக்காரனோ இல்லை என்று நான் சொல்வது இதை வைத்துத்தான். இன்னும் பின்னால் போனால் அவ்வை இருக்கிறாள். இந்தத் தகடூர்ச் சீமையை ஆண்ட அதியமான் இறந்தபோது அவள் பாடிய புறநானூற்றுப் பாட்டில் (235) முதலில் நினைவுக்கு வருவது, அவன் தன்னோடு கள்ளைப் பகிர்ந்துகொண்ட விதம். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு நெல்லிக்கனியை மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிளெண்டட் ஸ்காட்ச் என்பது முளைகட்டிய பார்லியில் செப்புப் பானையில் வடித்த மால்ட்டையும், கோதுமை, சோளம் போன்ற தானியங்களில் உயரமான கோபுரக் கலனில் வடித்த கிரெய்ன் விஸ்கியையும் கலப்பது. இரண்டும் ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருடம் கிடந்திருக்க வேண்டும். கிரெய்ன் மெலிதாக, இனிப்பாக இருக்கும். மால்ட்தான் குணம் கொடுக்கும். சில மால்ட்டுகளில் பார்லியைக் காயவைக்கும்போதே, சதுப்பு மண்ணை வெட்டி எரித்த பீட் புகையை ஏற்றிவிடுவார்கள்.

எங்கள் சுருட்டு திண்டுக்கல் சரக்கு. காரம் அதிகம். முதலில் தேனும் வனிலாவும் மாதிரி இருந்த ஒரு பிளெண்டோடு சேர்த்துப் பார்த்தோம். விஸ்கி இருந்த இடமே தெரியவில்லை. அடுத்த மாதம் புகைவாசம் உள்ள பிளெண்டை எடுத்தோம். 30 மில்லி, நாலு சொட்டுத் தண்ணீர், ஐஸ் கிடையாது. ஒரு மிடறு குடித்து, அது இறங்கினபிறகு ஒரு இழுப்பு. புகையை நெஞ்சுக்குள் விடாமல் வாயில் வைத்து வெளியே விட வேண்டும். அப்போது விஸ்கியில் மறைந்திருந்த இனிப்பு மேலே வருகிறது. சுருட்டு பாதிக்குக் கீழே போனதும் கசப்பு ஏறும். அங்கே நிறுத்திவிடுவோம். புகையிலையும் மதுவும் சேர்ந்தால் வாய்ப்புற்று ஆபத்து தனித்தனியாக இருப்பதைவிடப் பல மடங்கு. இது தெரிந்துதான் மாதத்தில் ஒருநாள்.

பாட்டிலில் தொப்பிக்காரன் நடக்கிறான். அதற்குள்ளே இருக்கிற மால்ட்டுகளில் ஒன்று கார்டூ. அந்த ஆலை ஹெலன் கம்மிங் என்ற பெண் களவாய்க் காய்ச்சியதில் தொடங்கியது. வரி அதிகாரிகள் வந்தால் அவர்களைச் சாப்பாட்டுக்கு உட்காரவைத்துவிட்டு, அக்கம்பக்கம் உஷாராக வெளியே சிவப்புக் கொடி ஏற்றுவாள் என்கிறார்கள். 1824-இல் உரிமம் வந்தது. பிறகு அவள் மருமகள் எலிசபெத் ஆலையைப் பெரிதாக்கி நடத்தி, 1893-இல் ஜான் வாக்கர் கம்பெனிக்கு விற்றாள். தொப்பிக்கு பதிலாகக் கொடியைப் போட்டிருக்கலாம்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்ல முடியாது என்றுதான் நினைத்திருந்தேன். அப்பாவின் குடி எங்கள் வீட்டில் மூக்குத்தியில் ஆரம்பித்து ஆடுகள் வரை தின்றது. நெடுஞ்சாலைக் கடைகளை மூடச்சொன்ன உச்சநீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, 2017-இல் கடைகளை ஊருக்குள் நகர்த்த வந்தபோது, ரோட்டில் உட்கார்ந்த பெண்களில் அம்மாவும் ஒருத்தி. கடை வரவில்லை. அம்மா உட்கார்ந்தது சரி. அந்த வரிசையில் நானும் உட்காருவேன். ஆனால் குடி என்றால் பெண்ணுக்கு அழுகையும் போராட்டமும் மட்டும்தான், நாக்கு ஆணுக்கு என்று பிரித்துக்கொடுத்தால் அதை வாங்கிக்கொள்ள முடியாது.

ஒரு ஞாயிறு காலை அம்மா என் துப்பட்டாவைத் துவைக்க எடுத்து முகர்ந்தாள்.

"என்னடி, ஆயா வாசம் அடிக்குது?"

சொன்னேன். கொஞ்சநேரம் பேசவில்லை. துணியை வாளியில் போட்டாள்.

"உங்கப்பன் இத்தனை வருசம் குடிச்சானே, ஒருநாளாவது இது இப்படி இருக்குதுன்னு சொல்லியிருப்பானா? மூச்சப் பிடிச்சிட்டு ஊத்திக்குவான், மருந்து மாதிரி." பிறகு தானாகவே, "ஆயாவுக்குக் களி தின்னு முடிச்சதும் வெல்லக் காப்பி வேணும். ஒரு வாய் காப்பி, ஒரு இழுப்பு. காப்பி இல்லாட்டி சுருட்டத் தொடவே மாட்டா" என்றாள்.

அடுத்த மாதம் பிளாஸ்க்கில் வெல்லக் காப்பியும் கொண்டுபோனேன். திண்டுக்கல் சுருட்டுக்கு ஸ்காட்ச்சைவிட இதுதான் பொருத்தம் என்கிறாள் தோழி. நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.