வெட்டாத தையற்காரர்

துணியை வெட்டாமல் தைக்கின்ற தையற்காரரை நாம் கண்டதில்லை. முதன்முதலில் ஊசி பிடித்தவர் நபி இத்ரீஸ் (அலை) அவர்கள் என்பது முன்னோர் வழிவந்த செய்தி. அன்றிலிருந்து கத்தரிக்கோலுக்குப் பின்னரே ஊசி என்பதுதான் தொழில்முறை. இம்முறைக்கு மாறான ஒரு தையற்காரரைக் காரைக்குடியில், நம் வீட்டுக் கொல்லையிலேயே கண்டோம்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் சுவருக்கு வெள்ளையடிக்க ஏற்பாடு செய்திருந்தோம். ஏணி சார்த்த இடைஞ்சலாக நின்ற வாதுமைக் கன்றை வெட்ட அரிவாளுடன் நெருங்கியபோது, இரு சிட்டுகள் ஓயாது கத்தின. உற்று நோக்கினோம். அகன்ற இலையொன்று பைபோல் மடிந்து, ஓரங்கள் இணைத்துத் தைக்கப்பட்டிருந்தன. உள்ளே பஞ்சணையில் மூன்று முட்டைகள்!

செம்பழுப்பு உச்சி, இளம்பச்சை முதுகு, நிமிர்ந்த வால். பறவையியல் அறிஞர் சாலிம் அலி அவர்கள் 1941இல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் நூலைப் புரட்டி, தையற்சிட்டுதான் என உறுதி செய்துகொண்டோம். பத்து கிராம் எடைகூடத் தேறாத உயிர் அது. அலகே அதன் ஊசி. இலையோரத்தில் நுண்துளையிட்டு, பஞ்சிழையையோ சிலந்தி நூலையோ அதனுள் செலுத்துகிறது. வெளிவந்த நுனி பிசிராக விரிந்து, நூல் நழுவாமல் காக்கிறது. இலையோ காம்பை விட்டுப் பிரியாமல் பசுமையாகவே இருக்கிறது. அப்பசுமையே கூட்டுக்கு மறைப்பு. இலை கருகினால் கூடு வெளிப்பட்டுவிடும்.

“ஒரு குருவிக்காகவா பாய் வேலையை நிறுத்துறீங்க?” என்றார் வெள்ளையடிக்க வந்தவர். அபூதாவூது தொகுப்பிலுள்ள நபிமொழியொன்று நம் நெஞ்சில் எழுந்தது. பயணமொன்றில் தோழர்கள் சிறு பறவையொன்றின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதனைக் கண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுத்துவிடப் பணித்தார்கள். அரிவாளை உள்ளே வைத்தோம்.

பெருநாளன்று வந்த உறவினர் சுவரின் கறையைக் கண்டு முகம் சுளித்தனர். நமக்கும் சற்று நாணமாகத்தான் இருந்தது. முட்டை பொரிய ஏறத்தாழ பன்னிரண்டு நாள். குஞ்சு பறக்க மேலும் இரு வாரம். ஒரு வைகறையில், சுபுஹுத் தொழுகை முடித்து வந்தபோது கூடு வெறுமையாயிருந்தது.

ஓரமெங்கும் துளைகளுடன் இலை இன்னும் பச்சையாகவே நின்றது. இலையைக் கொல்லாமல் அச்சிட்டு குடும்பம் நடத்திச் சென்றுவிட்டது. ஒருநாள் வெள்ளையடிப்புக்காகக் கன்றையே வெட்டத் துணிந்தவர்களோ நாம்! அதன்பின் ஏணியைச் சற்று தள்ளிச் சார்த்தி வெள்ளையடித்தோம். கன்றை வெட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை.