இரண்டு மொழித்தாள்கள்

விருதுநகர் மாவட்டத்து இ.குமாரலிங்கபுரத்தின் பெயர் 2023இல் நாளிதழ்களில் அடிபட்டது. பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா அங்கே ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் அமையவிருப்பதாக அறிவிப்பு வந்திருந்தது. மாதம் ஒருமுறை கூடி நாவல்களைப் பற்றிப் பேசும் நண்பர்கள் நாங்கள். அந்த மாதம் நாவலை ஒதுக்கிவிட்டு, அந்த வேலைகள் யாருக்குக் கிடைக்கும் என்று வாதிட்டுக்கொண்டிருந்தோம். அதே வீட்டில் ஒயரிங் வேலைக்கு வந்திருந்த குமாரலிங்கபுரத்துப் பக்கத்து இளைஞன் எங்கள் பேச்சில் குறுக்கிட்டான்.

"பத்தாவது இல்லாட்டி உள்ள விடுவாங்களா, சார்?"

எங்களிடம் விடையில்லை. எட்டாம் வகுப்புக்குப் பின் ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு வயர்மேன் பயிற்சி முடித்தவன் அவன். சிறு வயதில் வீட்டில் தீப்பெட்டி ஒட்டியிருக்கிறான்.

இந்த வட்டாரத்துக்கு மாற்றுப்பள்ளி புதிதல்ல. தேசிய குழந்தைத் தொழிலாளர் திட்டம் 1988இல் தொடங்கியபோது முதலில் தேர்வான இடங்களில் சிவகாசியும் ஒன்று. வேலையிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளைகளுக்கு அதன் சிறப்புப் பள்ளிகள் பாடத்தோடு கைத்தொழிலும் மதிய உணவும் உதவித்தொகையும் அளித்தன. 2021இல் அத்திட்டம் பொதுவான பள்ளிக் கல்வித் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. ஆனால் அப்பள்ளிகள் பதினான்கு வயது வரைக்குமானவை. அதன்பின் தொழிலைக் கற்றவனுக்குச் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் தேடிப் போனவனுக்குக் கையில் தொழில் இல்லை என்ற நிலையே நீடித்தது.

தமிழக அரசின் 2022ஆம் ஆண்டு ஆணையொன்று இவ்விடைவெளியில் ஒரு வாசலைத் திறந்தது. எட்டாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. படிப்பில் தேர்ச்சி பெற்றவர், பத்தாம் வகுப்பின் தமிழ், ஆங்கிலத் தாள்களை மட்டும் எழுதித் தேறினால் போதும். பத்தாம் வகுப்புக்கு இணையான சான்று கிடைக்கும். கணக்கும் அறிவியலும் எழுத வேண்டியதில்லை. பயிற்சிக்கூடத்தில் கற்றதை அரசு அவற்றுக்கு ஈடாக ஏற்கிறது.

இதை அவனிடம் சொன்னபோது அவன் முகம் மலரவில்லை. "தமிழ்தான் சார் எனக்கு வராது" என்றான்.

இலக்கியம் பேசிக் களித்த எங்களை அந்தச் சொல் சற்றுக் கூசவைத்தது. தமிழ் எங்களுக்கு இன்பமாக இருந்தது. அவனுக்கு அது பூட்டிய கதவு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவனோடும் அவன் நண்பர்கள் இருவரோடும் உட்காரத் தொடங்கினோம். மனப்பாடப் பகுதியில் திணறினார்கள். வல்லினம் மிகும் இடங்களில் மூவரும் எங்களையே திணறடித்தார்கள். சில வாரங்களில் 'சார்' போய் 'அண்ணே' வந்தது.

ஒருநாள் பாடநூலில் இருந்த கடிதப் பயிற்சியைக் கொடுத்தோம். தெருவிளக்குகள் பழுதடைந்துள்ளன, சரிசெய்யக் கோரி மின்வாரிய அலுவலருக்கு எழுத வேண்டும். படித்துவிட்டுச் சிரித்தான்.

"இதை எழுதுற நேரத்துல நானே சரிபண்ணிருவேன், அண்ணே."

எழுதினான். பிழைகள் இருந்தன. ஆனால் எந்தக் கம்பத்தில் இணைப்பு தளர்ந்திருக்கிறது, எதில் மழைநீர் இறங்குகிறது, எதற்கு விளக்கை மட்டும் மாற்றினால் போதும் என்று வரிசையாக இருந்தது. அத்தனை துல்லியமாக ஒரு பத்தியை நாங்கள் யாரும் எழுதியதில்லை.

தமிழில் தேறிவிட்டான். ஆங்கிலம் பாக்கியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளும் தொடர்கின்றன.