கடிக்கும் காலணி, காத்திருக்கும் மலை

ஜனவரி மாத விடியலில், போனக்காட்டு வனத்துறைச் சாவடியில் பைகளைத் திறந்து காட்டிவிட்டு அகத்தியர்கூடத்துக்குக் கிளம்பும் கூட்டத்தில், யார் சிரித்தபடி திரும்புவார்கள் என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. காலைப் பார்த்தால் ஓரளவு சொல்லிவிடலாம். சேறு அப்பி, லேஸ் நைந்து, முன்பக்கம் சுருக்கம் விழுந்த பூட்ஸ் என்றால் கவலையில்லை. நேற்றுதான் பெட்டியிலிருந்து எடுத்தது போலப் பளபளத்தால், அந்தக் கால்களுக்கு அன்று மாலை அதிருமலை முகாமில் பஞ்சும் பிளாஸ்திரியும் தேவைப்படும்.

சிகரத்தின் உயரம் 1,868 மீட்டர். முதல் நாள் காட்டு வழியாக அதிருமலை வரை. மறுநாள் சிகரம் ஏறி இறக்கம். போக வர ஏறத்தாழ 40 கிலோமீட்டர். மகரவிளக்கை ஒட்டித் தொடங்கி சிவராத்திரி வரை நீளும் பருவத்தில் நாளொன்றுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையினருக்கு மட்டுமே அனுமதி. அதைப் பிடிப்பதே ஒரு போராட்டம். அனுமதி கிடைத்த உற்சாகத்தில் புதுப்பை, புதுச்சட்டை, புதுபூட்ஸ் என்று வாங்கிக் குவிப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்தப் பாதையில் வண்டி வராது. குதிகால் உரிந்தவர் உரிந்த காலோடுதான் திரும்பி நடக்க வேண்டும்.

செருப்பு கடிக்கிறது என்று தமிழில் சொல்வது சும்மா இல்லை. ஆனால் கடிப்பது தோலின் மேற்பரப்பை அல்ல. வியர்வையில் ஊறிய தோல் சாக்ஸோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்க, உள்ளே எலும்பு மட்டும் ஒவ்வொரு அடிக்கும் முன்னும் பின்னும் நகர்கிறது. இரண்டுக்கும் நடுவே இழுபடும் தோல் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. அந்த இடைவெளியில் நீர் கோக்கிறது. அதுதான் கொப்புளம். புது பூட்ஸின் விறைப்பான தோலுக்கு இந்தக் கால் எந்த இடத்தில் மடங்கும் என்பது தெரியாது. அதைத் தெரிவிப்பதற்குப் பெயர்தான் பழக்குவது.

முதல் சில நாள் வீட்டுக்குள்ளேயே, மலையில் போடப்போகும் அதே சாக்ஸோடு நடக்க வேண்டும். பிறகு கடைத்தெரு வரை. பிறகு ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், முதுகில் சுமையோடு, மேட்டில். கனத்த தோல் பூட்ஸ் என்றால் இதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். இலேசான துணி ஷூவுக்குச் சில நாட்கள் போதும். தண்ணீரில் ஊறவைத்து அடுப்பருகே காயவைத்தால் சீக்கிரம் இளகும் என்ற பழைய யோசனையை நம்ப வேண்டாம். தோல் வெடிக்கும், பசை விட்டுப்போகும். இன்னொன்று: அளவு தவறிய காலணியை எவ்வளவு பழக்கினாலும் அது அளவாகிவிடாது. கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், சாக்ஸ் போட்டுக்கொண்டு அளவு பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். பரணில் பத்தாண்டு கிடந்த பழைய பூட்ஸைத் தூசி தட்டிக் கிளம்புவோருக்கு வேறு ஆபத்து. அடிப்பாகத்தில் இருக்கும் பாலியூரித்தேன் கடற்கரை ஈரக்காற்றில் மெல்லச் சிதைந்து, நடுக்காட்டில் அட்டை போலப் பிரிந்து விழும்.

எங்கே நடந்து பழக்குவது? மாநகரப் பூங்காவின் சிமெண்ட் பாதை இதற்கு உதவாது. அகத்தியர்கூடத்துக்காகத் திருவனந்தபுரம் வந்து இறங்குபவர்கள் கவனிக்காமல் விட்டுவிடும் ஒரு பகுதி இருக்கிறது. களியக்காவிளையில் தமிழ்நாடு முடியும் இடத்தில் தொடங்கி, பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரை வரையிலும், கிழக்கே வெள்ளறடை, அம்பூரி வரையிலும் பரந்து கிடக்கும் எல்லைக் கிராமங்கள். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அடுத்திருந்த நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோட்டுக்கு இருபுறமும் அதே வெட்டுக்கல் சுவர், அதே மரச்சீனி, அதே ரப்பர் மரம். சந்தையில் ஒரு வாக்கியம் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிவது இங்கே யாருக்கும் வியப்பல்ல. நிலம் எங்கும் சமமாக இல்லை. ஏலா வரப்பில் இறங்கி, செம்மண் சரிவில் ஏறி, வெட்டுக்கல் படிகளில் மறுபடி இறங்க வேண்டும். பூட்ஸுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

ஆனால் இந்த மண்ணில் காலணி வெறும் காலணியாக இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் நாடார், ஈழவர், புலையர் உள்ளிட்ட சாதியினர் செருப்பு அணியக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது என்ற கட்டுப்பாடுகள் இருந்தன. நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கே 1859 வரை போராட வேண்டியிருந்தது. பொதுவழியில் நடப்பதற்கே தடை இருந்த காலத்தில், 1893ல், வெங்ஙானூர் அய்யன்காளி வில்லுவண்டியில் ஏறி அந்த வழியில் போனார். வெங்ஙானூர் இந்தப் பக்கத்து ஊர்தான். வெறுங்காலில் நடப்பதே இயற்கை என்று சிலாகிக்கும் நகரத்து மலையேறிகள் இதையும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. இங்கே பலருக்கு வெறுங்கால் ஒரு விருப்பமாக வாய்க்கவில்லை. அது அவர்கள் மீது சுமத்தப்பட்டது.

1855ல் ஜான் ஆலன் புரூன் என்ற விஞ்ஞானி அகத்தியர் சிகரத்தில் காந்தப்புல ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்தார். சாலையில்லாத அந்த மலைக்குச் சாமான்கள் மனிதத் தோளிலும் தலையிலும்தான் போயிருக்க வேண்டும். சுமந்தவர்களின் காலில் என்ன இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

பூட்ஸுக்கு முதல் மலை என்று தேர்ந்தெடுப்பதானால் அருவிப்புரம் போகலாம். நெய்யாற்றின் கரையில், 1888 சிவராத்திரியன்று நாராயண குரு சிவலிங்கம் பிரதிஷ்டை செய்த இடம். கோயிலுக்கு அருகே கொடிதூக்கி மலை. குரு தியானம் செய்த குகை அங்கே இருக்கிறது. சின்ன மலைதான், அரை நாளில் நிதானமாக ஏறி இறங்கிவிடலாம். ஆனால் புது பூட்ஸ் எங்கே கடிக்கப்போகிறது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். தோல் சிவந்து சூடாகத் தெரியும் இடத்தில் உடனே டேப் ஒட்ட வேண்டும். இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று நடந்தால் அது கொப்புளமாகும்.

அடுத்தது வெள்ளறடை. மாநில எல்லையிலேயே நிற்கும் தெக்கன் குருசுமலையில் 1957 முதல் தவக்காலத்தில் பக்தர்கள் ஏறுகிறார்கள். பக்கத்தில் காளிமலை, சித்ரா பௌர்ணமிக்குக் கூட்டம் அங்கே. ஒரே மலைத்தொடரில் சிலுவையும் காளியும். மறுசரிவில் இறங்கினால் தமிழ்நாட்டுப் பத்துகாணி. நேர்த்திக்காக வெறுங்காலில் பாறை ஏறுபவர்களை இரண்டு மலைகளிலும் பார்க்கலாம். குழந்தைப் பருவம் முதல் காய்த்துப்போன பாதம் அவர்களுக்குக் கைகொடுக்கிறது. வாரத்தில் ஆறு நாள் குளிர்சாதன அறையில் ஷூவுக்குள் இருக்கும் பாதம் அவர்களைப் பார்த்து ஆசைப்படக் கூடாது.

முழுச்சுமையோடு ஏறிப் பார்க்க இவை ஏற்ற மலைகள். ஏறும்போதைவிட இறங்கும்போது கவனம் தேவை. ஏற்றத்தில் குதிகால் கடிபடும். இறக்கத்தில் கால் முன்னே சறுக்கி விரல்கள் பூட்ஸின் முனையில் மோதும். நகம் கறுப்பது அப்படித்தான். இறங்குவதற்கு முன் கணுக்காலருகே லேஸை இறுக்கிக் கட்டினால் பாதி வேதனை குறையும். நகம் வெட்டியிருந்தால் மீதியும் குறையும்.

அகத்தியர்கூடத்துப் பாதையில் முட்டிடிச்சான் தேரி என்று ஓர் ஏற்றம் உண்டு. ஏறுகிறவரின் முழங்கால் முகவாயில் இடிக்கும் என்பது பெயர்க்காரணம். திருச்செந்தூர்ப் பக்கத்துத் தமிழருக்குத் தேரி என்றால் செம்மணல் மேடு. மேற்கே வந்ததும் அதே சொல் செங்குத்தான ஏற்றமாகிவிட்டது. தமிழ் முனிவரின் மலையில் தமிழ்ச்சொல்லே காலை வாருகிறது.

1987ல் இந்த மலைக்காடுகளில் ஆய்வுக்காக நடந்த தாவர விஞ்ஞானி புஷ்பாங்கதனும் குழுவினரும் களைத்துப்போனார்கள். வழிகாட்ட வந்த காணிக்காரர்களோ களைப்பின்றி ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டே நடந்தார்கள். அவர்கள் நீட்டிய காயைத் தின்றபோது விஞ்ஞானிகளுக்கும் தெம்பு வந்தது. ஆரோக்கியப்பச்சை என்ற செடி உலகுக்குத் தெரியவந்தது அப்படித்தான். அதிலிருந்து உருவான ‘ஜீவனி’ மருந்தின் உரிமத் தொகையில் பாதி காணி மக்களுக்கு என்று ஏற்பாடானது. களைப்புக்கு மலையில் பச்சிலை இருக்கிறது. கொப்புளத்துக்கு மருந்து மலைக்கு வருவதற்கு முன்பே தயாராக வேண்டும்.

இந்த மலைக்குப் பெண்கள் வழக்கமான பாதையில் சிகரம் வரை போக, 2018 நவம்பரில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வர வேண்டியிருந்தது. காணி மக்களின் எதிர்ப்புக்கிடையே 2019 ஜனவரியில் தன்யா சனல் ஏறிக் காட்டினார். இப்போது பெண்களும் முன்பதிவு செய்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஆண்களுக்கான பூட்ஸில் சின்ன அளவை வாங்கினால் பெரும்பாலும் குதிகால் தளர்ந்து ஆடும். ஆடும் குதிகால்தான் முதலில் உரியும்.

முன்பதிவு ஜனவரி வாக்கில் திறப்பது வழக்கம். பூட்ஸ் வாங்க நவம்பர் கடைசி சரியான நேரம். துலாவர்ஷ மழை ஓய்ந்துவரும் அப்போது, பாறசாலை ஏலா வரப்புகளில் சேறு இன்னும் காய்ந்திருக்காது.