எனக்குகந்த இரும்பிசை

ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பிரியம் உண்டு. ஒருவருக்கு வெற்றிலை, ஒருவருக்குச் சீட்டாட்டம், வேறொருவருக்கு அயல்வீட்டு வழக்கு. எனக்கு வாய்த்திருப்பது ‘ஹெவி மெற்றல்’ என்று மேலைத்தேசத்தார் அழைக்கும் பேரோசைச் சங்கீதம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வயல் சூழ்ந்த ஒரு கிராமத்திற் பிறந்து, நரை விழும் வயதையும் எட்டிவிட்ட ஒருவன் இப்படிச் சொன்னால் வாசகர்கள் நகைப்பார்கள். நகைக்கட்டும். மீன் பாடுகிறது என்று ஊருலகத்துக்கெல்லாம் பெருமையோடு சொல்லும் நாட்டிலே, இரும்பும் பாடும் என்று ஒருவன் சொன்னால் அதை நம்புவதில் என்ன கஷ்டம்?

இந்தப் பித்து என்னைப் பிடித்தது தொண்ணூறுகளின் நடுப்பகுதியில். கட்டாரில் வேலை செய்து திரும்பிய என் மச்சான் ஒருவர், தமக்குப் பயன்படாத மூன்று கசெற்றுகளை என்னிடம் தந்தார். எங்கள் ஊரில் அப்போது மின்சாரம் இல்லை. பழைய பற்றரிகளை வெயிலிற் காயவைத்து, அவற்றில் உயிர் மிஞ்சியிருக்கும் வரையில் பாட்டுக் கேட்போம். பற்றரி தளரத் தளரப் பாடகரின் குரலும் தளர்ந்து, நோயாளியின் முனகல் போலாகிவிடும்.

முதன்முதலாக அந்தக் கசெற் ஒலித்தபோது, முற்றத்தில் மத்தளத்துக்கு வார் இறுக்கிக்கொண்டிருந்த பெரியப்பா தலைநிமிர்ந்து பார்த்தார்.

“என்ன மனே, ஆரோ கூரைத் தகரத்தை இழுத்துட்டுப் போறாங்க போல கிடக்கு?”

பெரியப்பா கூத்து அண்ணாவியார். வட்டக்களரியில் விடியும்வரை நின்று வடமோடி ஆட்டுவிப்பவர். அவருடைய மத்தளம் நடுநிசியில் முழங்கினால் அயற்கிராமத்து நாய்களும் எழுந்து குரைக்கும். அத்தகையவருக்கு என் பாட்டு இரைச்சலாகப் பட்டது. “சத்தம் வேற, ஓசை வேற” என்பது அவருடைய தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை எதிர்த்து வழக்காடியே என் ரசனை வளர்ந்தது எனலாம். அந்த மூன்று கசெற்றுகளிலிருந்த பாட்டுக்களே இன்றும் என் விருப்பப் பட்டியலின் தலையில் நிற்கின்றன.

முதலாவது, பிளாக் சபத் குழுவினரின் முதல் இசைத்தட்டு. 1970 ஆம் ஆண்டு பெப்ரவரி 13 ஆந் திகதி வெளிவந்தது. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் என்னும் ஆலை நகரத்துத் தொழிலாளர் குடும்பங்களிற் பிறந்த நான்கு இளைஞர்களின் ஆக்கம் அது. தொடக்கத்தில் மழை பெய்கிறது. தூரத்தில் மணி அடிக்கிறது. பின்பு கிற்றார் மூன்றே மூன்று சுரங்களை மெல்ல மெல்ல எடுத்து வைக்கிறது. கீழ்ச் சட்ஜம், மேற் சட்ஜம், அப்புறம் பிரதிமத்திமம். சட்ஜத்துக்கும் பிரதிமத்திமத்துக்கும் உள்ள அந்தத் தூரத்தை மேற்கத்திய இசையாளர் பேயோடு தொடர்புபடுத்திப் பெயரிட்டிருந்தார்கள். எனக்குச் சங்கீதம் தெரிந்த ஆசிரியர் ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார். நம்முடைய 72 மேளகர்த்தாக்களிற் சரிபாதி பிரதிமத்திமம் கொண்டவை. மங்களகரமானதென்று நாம் போற்றும் கல்யாணியும் அவற்றில் ஒன்று. அங்கே பேயாக இருப்பது இங்கே கல்யாணியாக இருக்கிறது! எது இரைச்சல், எது இசை என்று அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இரண்டாவது, அயன் மெய்டன் குழுவினர் 1984 இல் இசைத்தட்டாக்கிய முதிய மாலுமியின் கதை. ஆங்கிலக் கவி கோல்ரிட்ஜ் 1798 இல் வெளியிட்ட நெடும்பாடலைத் தழுவியது. பதின்மூன்று நிமிஷங்களுக்கு மேல் நீள்வது. கடற்பறவையொன்றைக் காரணமின்றிக் கொன்ற மாலுமி, சுற்றிலும் நீர் இருக்கக் குடிக்க ஒரு துளியின்றித் தவிக்கிறான். தோழர் யாவரும் மடியத் தான் மட்டும் தப்பி, காண்போருக்கெல்லாம் தன் கதையைச் சொல்லித் திரிகிறான். இடையில் வாத்தியங்கள் தணிந்து, கப்பலின் மரங்கள் கிறீச்சிடும் ஓசை கேட்கும். இந்தக் கதையைச் சொன்னபோது பெரியப்பா சற்று இளகினார். “அப்ப இதுவும் கூத்துத்தான். ஆனா ஆட்டத்தைக் காணேல்லையே” என்றார்.

மூன்றாவது, மெற்றாலிக்கா குழுவினரின் ‘வன்’ என்னும் பாட்டு. 1988 ஆம் ஆண்டையது. போரிலே கையும் காலும் கண்ணும் செவியும் வாயும் இழந்து, சிந்தனை மட்டும் மிஞ்சிக் கட்டிலிற் கிடக்கும் ஒரு சிப்பாயின் மனக்குரல் அது. மெதுவாகத் தொடங்கி, பாதி கடந்தபின் இரட்டைக் காற்பறைகள் திடீரெனப் பொரிந்து தள்ளும். ஒருநாள் மாலை அதை நான் போட்டேன். பெரியப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. கதையையும் நான் சொல்லியிருக்கவில்லை. அந்த இடம் வந்ததும் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தார்.

“இது வெடிச்சத்தம் மனே. நிப்பாட்டு.”

நிறுத்தினேன். வாவியின் இருகரையிலும் இருந்தவர்கள் அந்தச் சத்தத்தை எவ்வளவு கேட்டிருக்கிறார்கள் என்பதை நான் இங்கே விரிக்க வேண்டியதில்லை. அன்றிரவு அவரே என்னை அழைத்துப் பாட்டின் பொருளைக் கேட்டார்; சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். அதன்பின் ஒருபோதும் அவர் அதனை இரைச்சல் என்று சொன்னதில்லை. போடும்படி கேட்டதுமில்லை.

பிற்காலத்தில் என் பட்டியல் நீண்டது. 1992 இல் சிங்கப்பூரில் இந்திய வம்சாவளி இளைஞர்கள் தொடங்கிய ருத்ரா குழு, வடமொழிச் சுலோகங்களை இந்த இசையில் ஏற்றிப் பாடுகிறது. 2003 இல் அவர்கள் வெளியிட்ட இசைத்தட்டின் பெயர் ‘குருக்ஷேத்திரம்’. நம் நாட்டிலும் தொண்ணூறுகளின் கடைசியிற் கொழும்பிலே தோன்றிய ஸ்டிக்மாட்டா குழு இருக்கிறது. இவர்களும் எனக்கு உகந்தவர்களே.

அதே 2003 ஆம் ஆண்டுதான் எங்கள் வீட்டில் ஒரு துன்பம் நேர்ந்தது. போர்நிறுத்த காலம்; பாதைகள் திறந்திருந்தன. பல ஆண்டுகளாக ஆடாதிருந்த கூத்தை மீண்டும் ஆடுவதென்று ஊரார் தீர்மானித்து, பெரியப்பாவும் சட்டம் கொடுத்துப் பழக்கத் தொடங்கியிருந்தார். பெரும்போக அறுவடையின்போது சூடடிக்கும் இயந்திரத்தின் பட்டியில் அவருடைய வலக்கை அகப்பட்டது. வலையிறவுப் பாலத்தைக் கடந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிருக்குச் சேதமில்லை. ஆனால் சுட்டுவிரலும் நடுவிரலும் நுனியிழந்தன. மத்தளக்காரனுக்கு அவ்விரு விரல்களும் நாவைப் போன்றவை. வீடு திரும்பியவர் மத்தளத்தைச் சேலைத்துணியால் மூடி மூலையில் வைத்துவிட்டார்.

அப்போதுதான் ஒரு சஞ்சிகையிற் படித்திருந்த கதையொன்றை அவருக்குச் சொன்னேன். பிளாக் சபத்தின் கிற்றார்க்காரர் டொனி அயோமி, 1965 இல், தமது 17 ஆவது வயதில், தகட்டு ஆலையொன்றில் வேலைக்கு நின்றார். வேலையை விட்டு விலகவிருந்த கடைசி நாளன்று, வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளை இயந்திரம் கவ்விக்கொண்டது. அவரோ இடக்கைப் பழக்கமுடையவர். ஆகவே, தந்தியை அழுத்தும் விரல்களே போயின. ஆலையின் மேலாள் ஒருவர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்பித்தார். 1928 இல் தீவிபத்திலே இரு விரல்கள் முடங்கிய பின்பும் கிற்றாரிற் பெரும்புகழ் பெற்றவர் ஜாங்கோ. அயோமி மனந்தேறினார். பிளாஸ்டிக் போத்தலொன்றை உருக்கி விரல்நுனிக்கு உறை செய்து, அதன்மேல் தோலை ஒட்டினார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பிற்பாடு அவற்றைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கிக்கொண்டார். இறக்கிய சுருதியால் வந்த கனத்த நாதமே பின்வந்த குழுக்கள் பலவற்றுக்கும் வழிகாட்டியாயிற்று.

பெரியப்பா குறுக்கே ஒரு வார்த்தையும் பேசவில்லை. மறுநாள் சைக்கிள் ரியூப்பை வெட்டி விரல்களுக்கு உறை தைத்தார். மத்தளத்தின் வாரையும் தளர்த்தினார். மூன்று இரவுகள் உள்வீட்டில் அடித்துப் பார்த்தார். ‘தொம், தொம்’ என்ற மந்தமான ஒலிதான் கேட்டதேயன்றி, பழைய தாளக்கட்டு வரவில்லை. நாலாம் இரவு ஒலியே இல்லை. எங்கோ நடந்த கதையைச் சொல்லி, வீண் ஆசை காட்டி, ஒரு கிழவரைப் புண்படுத்திவிட்டேனே என்று நான் உறங்காமற் கிடந்தேன்.

விடிந்ததும் அவர் தம்முடைய மாணாக்கரில் இளையவனை அழைத்து, மத்தளத்தின் வாரை மீண்டும் இறுக்கி, அவன் கையிற் கொடுத்தார். தாம் சல்லரியை எடுத்துக்கொண்டார். அரங்கேற்றத்தன்று விடியும்வரை களரியில் நின்று, சல்லரி தட்டித் தருப்பாடி அந்தக் கூத்தை அவரே நடத்திவைத்தார். பொழுது புலர்ந்து சனங்கள் கலைகையில் என்னைக் கண்டு, இரு வெண்கலத் தட்டுகளையும் உயர்த்திக் காட்டினார்.

“இப்ப நானும் உன்ட இரும்புக் கட்சிதான் மனே.”

2025 ஆம் ஆண்டு யூலை 5 ஆந் திகதி, பிளாக் சபத் குழுவின் நால்வரும் பிறந்த நகரிலேயே ஒன்றுகூடிக் கடைசி முறையாகப் பாடினார்கள். நோயுற்றிருந்த பாடகர் ஒசி ஒஸ்போர்ன் ஆசனத்தில் இருந்தபடியே பாடினார். அம்மாதம் 22 ஆந் திகதி அவர் காலமானார். அந்தச் செய்தியை, எண்பதைக் கடந்துவிட்ட பெரியப்பாவிடம் போய்ச் சொன்னேன். சாய்மனைக் கதிரையிற் படுத்திருந்தவர் கண்ணைத் திறந்தார்.

“அந்த விரல் இல்லாதவனுக்கு என்னவாம்?”

“அவர் சுகமாக இருக்கார் பெரியப்பா. அன்றைக்கும் அவர்தான் கிற்றார் வாசிச்சவர்.”

“அப்ப சரி” என்று மீண்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் ஏதோ ஒரு பேரோசையைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அதை நிறுத்தச் சொல்லுமுன், அது என்ன பாட்டு, யார் பாடியது என்று ஒருதரம் கேட்டுப் பாருங்கள். பிள்ளை சொல்வான்.